மடிக்கணினிக்கு விபத்துக் காப்பு வேண்டுமா?

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். நண்பகலில் ஏடுகளை மூடிவைத்து எழும் வேளையில் உறுப்பினர் ஒருவர் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் கால் வைத்து உழைப்பவர். அவருடைய மகளுக்குக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. மனைவியின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் ஈடுவைத்து நகைக்கடன் பெற்று, 48,000 ரூபாய் விலையுள்ள மடிக்கணினி ஒன்றைப் பேசி முடித்திருந்தார்.

"ஐயா, விலை பேசி முடித்த பிறகு கடைக்காரர் புதிதாக ஒன்று சொல்லுகிறார். கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் பழுது பார்த்துத் தருவார்களாம். அதற்கு மூன்றாண்டுக்கு 4,800 ரூபாய் தனியாகக் கட்டவேண்டுமாம். ஓராண்டுக்கு மட்டும் என்றால் 1,900 ரூபாயாம். கட்டுவதா, விடுவதா? நாளைக் காலையில் பதில் சொல்லவேண்டும்" என்று கேட்டார்.

கேள்வி சிறியது போல் தோன்றும். ஆனால் 4,800 ரூபாய் என்பது அவருடைய வீட்டில் பல நாள் நெய்கூலி. கட்டிவிட்டு, கணினிக்கு ஒன்றும் நேராமற்போனால் அவ்வளவும் போயிற்று. கட்டாமல் விட்டு, கணினி பேருந்துப் படியில் விழுந்து உடைந்தால், வளையலும் வங்கியில், கணினியும் மூலையில், பெண்ணின் படிப்பும் நடுவழியில். உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவரோடு அமர்ந்தோம். அன்று எழுதிய கணக்கே இப்பாடம்.

நம் உறுப்பினர் வீடுகளுக்கு மடிக்கணினி இன்று புதியதன்று. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மைய அரசு, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே நெசவாளர் வீட்டிலும், உழவர் வீட்டிலும், சங்க அலுவலகத்திலும் இக்கேள்வி எழுந்தே தீரும். இப்பாடத்தில் வரும் விலைகள் அன்று அக்கடையில் சொல்லப்பட்டவையும், கணக்கின் பொருட்டு நாம் வைத்துக்கொண்டவையுமாகும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

1. மூன்று தாள்கள், மூன்று பொருள்கள்

கடையில் நமக்குத் தரப்படும் தாள்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அவற்றை முதலில் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, உத்தரவாதம். இது கணினியின் விலையிலேயே அடங்கியது. பெரும்பாலும் ஓராண்டுக்கு உரியது. செய்த நிறுவனத்தின் குறையால் பழுது நேர்ந்தால் மட்டுமே இது பயன்படும். திரை தானே இருண்டு போனால் உத்தரவாதம் உண்டு. நம் கை தவறித் திரை உடைந்தால் இல்லை.

இரண்டாவது, நீட்டித்த உத்தரவாதம். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. முதல் தாளில் உள்ள அதே உரிமை, மேலும் ஓராண்டோ ஈராண்டோ நீளுகிறது. காலம் நீளுகிறதே அன்றி, உரிமை விரிவதில்லை. விபத்து இதிலும் சேராது.

மூன்றாவது, விபத்துச் சேதப் பாதுகாப்பு. கைதவறி விழுதல், நீரோ தேநீரோ கொட்டுதல், மின்னழுத்தம் திடீரென ஏறுதல் ஆகியவற்றால் வரும் சேதத்தை இது ஏற்கிறது. கணினி செய்த நிறுவனமே இதனைத் தருவதும் உண்டு. கடையோ, வேறொரு நிறுவனமோ, காப்பீட்டு நிறுவனமோ தருவதும் உண்டு. நம் கேள்வி இம்மூன்றாம் தாளைப் பற்றியதே.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த ஒரு நட்டத்தை நாமே கண்டிருக்கிறோம். ஒரு சங்கத்தில் அலுவலகக் கணினியின் மேல் தேநீர் கொட்டிவிட்டது. "மூன்றாண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், கவலையில்லை" என்று நிர்வாகக் குழுவினர் அதனை அனுப்பிவைத்தனர். பத்து நாளில் அது பழுது பார்க்கப்படாமலே திரும்பி வந்தது. அவர்கள் கட்டியிருந்தது நீட்டித்த உத்தரவாதத்திற்கு, தேநீருக்கு அன்று. மறுத்தவர் மேல் குற்றமில்லை. தாளில் அவ்வாறே எழுதியிருந்தது. குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. முந்திய ஆண்டு ஆய்வில் அச்செலவுச் சீட்டை நாம் பார்த்தோம். தொகை சரி, கையெழுத்து சரி என்று குறித்தோம். அத்தொகை எதனை வாங்கியது என்று கேட்கவில்லை. அன்று முதல் கேட்டு வருகிறோம்.

2. காப்பீடு எதற்காக?

இன்ஷூரன்ஸ் எனப்படும் காப்பீட்டின் அடிப்படை கூட்டுறவே ஆகும். ஒருவர்க்கு நேரும் பெருநட்டத்தைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதே அதன் தத்துவம். ஆயிரம் பேரில் எவர் கிடங்கு தீப்பற்றும் என்று எவரும் அறியார். ஏறக்குறைய எத்தனை கிடங்குகள் பற்றும் என்பதை மட்டும் நீண்ட காலக் கணக்கால் மதிப்பிடலாம். அம்மதிப்பின் மேல் அனைவரும் பிரீமியம் செலுத்துகின்றனர். நட்டமடைந்தவர் இழப்பீடு பெறுகிறார்.

ஆனால் செலுத்தும் பணம் முழுவதும் இழப்பீடாகத் திரும்புவதில்லை. அதிலிருந்து அலுவலகச் செலவு, விற்றவரின் தரகு, நிறுவனத்தின் ஆதாயம் ஆகியன கழிய வேண்டும். ஆகவே எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், மக்கள் செலுத்துவதைக் காட்டிலும் குறைவாகவே பெறுவார்கள். அங்ஙனமாயின் காப்பீடு ஏன்? தாங்க முடியாத நட்டம் வந்து குடும்பத்தை வீழ்த்திவிடாமல் இருக்கவே நாம் அந்த வேறுபாட்டை விலையாகத் தருகிறோம். தாங்கக்கூடிய நட்டத்திற்கு அவ்விலையைத் தருதல் தேவையற்றது.

பயிர்க் காப்பீட்டை எண்ணிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் உழவர் செலுத்தும் பங்கு காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு. ராபிப் பருவத்தில் 1.5 விழுக்காடு. ஆண்டுப் பணப்பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 விழுக்காடு. எஞ்சிய பிரீமியத்தை அரசுகள் ஏற்கின்றன. இங்கே நட்டம் வந்தால் ஒரு பருவத்து வாழ்வே போகும். பிரீமியத்தின் பெரும்பகுதியையும் பிறர் தருகின்றனர். ஆகவே உழவர் தயங்க வேண்டியதில்லை.

மடிக்கணினிக்கு அரசு உதவித்தொகை இல்லை. முழு விலையும் நம்முடையதே. 48,000 ரூபாய்ப் பொருளுக்கு 4,800 ரூபாய் என்றால் பத்தில் ஒரு பங்கு. நட்டமும் பெரும்பாலும் பொருள் முழுவதும் அழிவதன்று. ஓர் உறுப்பு பழுதாவதே. எனவே பயிருக்குக் காப்பீடு நல்லது, ஆகவே கணினிக்கும் நல்லது என்று முடிவு கட்டலாகாது. கணக்குப் போட்டே தீரவேண்டும்.

3. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விசைப்பலகை மாற்ற 4,000 ரூபாய், திரை மாற்ற 9,000 ரூபாய், தாய்ப்பலகை மாற்ற 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 12,000 ரூபாய். இனி 4,800ஐ 12,000ஆல் வகுப்போம். ஐந்தில் இரண்டு பங்கு வரும். இதன் பொருள் யாது? பத்து வீட்டார் இக்காப்பை வாங்கினால், மூன்றாண்டுக்குள் அவற்றில் நான்கு கணினிகளாவது விபத்தில் உடைந்தால்தான் அப்பத்துப் பேரும் சேர்ந்து கட்டிய 48,000 ரூபாய் சரிக்குச் சரியாகும். நான்கிற்குக் குறைந்தால் கட்டியவர்களுக்கு நட்டம், மிகுந்தால் ஆதாயம்.

இப்போது ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் வீட்டில், நம் கையில், இக்கணினி உடையும் வாய்ப்பு பத்தில் நான்கு உண்டா? மேசையை விட்டு நகராத கணினிக்கு அவ்வளவு வாய்ப்பு இராது. நாள்தோறும் இரண்டு பேருந்து ஏறி இறங்கும் மாணவியின் பையில் உள்ள கணினிக்கு வாய்ப்பு கூடும்.

ஓராண்டுக் காப்புக்கு இதே கணக்கைப் போட்டால், 1,900க்கும் 12,000க்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஆறில் ஒன்று. ஓராண்டில் ஆறு கணினிகளில் ஒன்று உடைந்தால் சரிக்குச் சரி.

விபத்து நேரும்போது நம் பங்காக ஒரு தொகை கட்டவேண்டும் என்று சில திட்டங்களில் இருக்கும். அது 1,000 ரூபாய் என்றால், திட்டம் நமக்குத் தருவது 12,000 அன்று, 11,000. பத்தில் நான்கு என்ற அளவு அப்போது நாலரையை நெருங்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓராண்டுக்கு 1,900 என்பதைவிட மூன்றாண்டுக்கு 4,800, அதாவது ஆண்டுக்கு 1,600, மலிவாகத் தோன்றுகிறது. ஆனால் காக்கப்படும் பொருளின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குகிறது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வளவைக் கொண்டு பார்த்தால், 48,000 ரூபாய்க் கணினி ஓராண்டு முடிவில் 28,800. ஈராண்டு முடிவில் 17,280. மூன்றாண்டு முடிவில் 10,368. மூன்றாம் ஆண்டில் நாம் காப்பது 17,280 ரூபாய்க்கு உட்பட்ட பொருளையே. இழப்பீட்டில் தேய்மானம் கழிக்கப்படும் என்று தாளில் இருந்தால், மூன்றாம் ஆண்டுக் காப்பின் பயன் மிகவும் சுருங்கிவிடும். தேய்மானம் கழிக்காமல் முழுப் பழுதையும் ஏற்பதாக இருந்தால் அது அத்திட்டத்தின் நற்குணம். அதற்கு உரிய மதிப்பைத் தரவேண்டும்.

4. நமக்கு நாமே காப்பாளர்

காப்பு வாங்காமல் அத்தொகையைத் தாமே சேர்த்து வைப்பது மற்றொரு வழி. கூட்டுறவு வங்கியில் மாதம் 135 ரூபாய் வீதம் 36 மாதத்திற்குத் தொடர் வைப்புக் கட்டினால் 4,860 ரூபாய், வட்டி தனி. கணினி உடையாவிட்டால் பணம் நம்முடையது. சங்கங்கள் ஆண்டுதோறும் ஆதாயத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்குவதும் இதே நெறியில்தான்.

ஆனால் இவ்வழியின் குறையையும் மறைத்தல் தகாது. விபத்து நாள் பார்த்து வருவதில்லை. மூன்றாம் மாதத்திலேயே கணினி விழுந்தால் வைப்பில் இருப்பது 405 ரூபாய். பழுதுக்கு வேண்டியது 9,000 ரூபாய். ஆகவே, தாமே காப்பாளராக விரும்புவோரிடம் முதல் நாளிலேயே ஒரு பழுதுக்கு வேண்டிய பணம் இருத்தல் வேண்டும். அது இல்லாதவர்க்கு, முதலாண்டில் மட்டுமேனும், பிறர் காப்பு தேவைப்படலாம்.

"பத்து உறுப்பினர்கள் சேர்ந்து ஆளுக்கு 4,800 போட்டுச் சங்கத்திலேயே ஒரு விபத்து நிதி வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பர். எண்ணம் நல்லது. ஆயினும் இரண்டு தடைகள் உள்ளன. பத்துப் பேர் மிகச் சிறிய கூட்டம். எதிர்பாராமல் ஆறு கணினிகள் உடைந்தால் 72,000 ரூபாய் வேண்டும், நிதியில் 48,000 ரூபாயே இருக்கும். இரண்டாவது, இழப்பீடு தருவதாக வாக்களித்துப் பணம் திரட்டுவது காப்பீட்டுத் தொழிலாகும். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். ஆகவே சங்கம் அதில் இறங்கலாகாது. ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் வைப்பு வைத்துக்கொள்வதும், அவசரத்தில் சங்க விதிகளுக்கு உட்பட்டுக் கடன் பெறுவதுமே முறை.

5. எவருக்கு வேண்டும், எவருக்கு வேண்டாம்?

மேற்சொன்னவற்றைத் திரட்டினால் ஒரு வழி தெளிவாகும்.

கணினி நாள்தோறும் வெளியே செல்கிறது. அது ஒரு வாரம் இல்லாவிட்டால் படிப்போ பிழைப்போ நின்றுவிடும். பழுது நேர்ந்தால் கந்துவட்டிக்குச் செல்லாமல் பணம் புரட்ட வழியில்லை. இம்மூன்றும் பொருந்துமாயின் காப்பு வாங்குதல் தகும்.

கணினி வீட்டிலேயே இருக்கிறது. அவசரத்திற்கு மற்றொன்று கிடைக்கும். ஒரு பழுதுக்குரிய பணம் வைப்பில் உள்ளது. இவை பொருந்துமாயின் வாங்க வேண்டியதில்லை.

இரண்டிற்கும் இடைப்பட்டவர்கள் ஓராண்டுக் காப்பு மட்டும் வாங்கி, அவ்வாண்டிலேயே வைப்பைச் சேர்த்துக்கொள்வது நடுவழி. விலை மலிந்த பழைய கணினிக்கு, அதாவது ஒரு பழுதுச் செலவே அதன் மதிப்பை எட்டிவிடும் என்ற நிலையில் உள்ளதற்கு, எவரும் காப்பு வாங்க வேண்டா.

6. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடையைத் தாளிலேயே காணவேண்டும். வாய்ச்சொல் போதாது.

(அ) காப்பு தருபவர் யார்? கணினி நிறுவனமா, கடையா, காப்பீட்டு நிறுவனமா? கடை மூடப்பட்டால் யாரிடம் செல்வது?

(ஆ) ஆண்டுக்கு எத்தனை முறை பழுது பார்ப்பார்கள்? ஒரு முறை மட்டும் என்று வரையறுப்பது உண்டு.

(இ) அதிக அளவாக எவ்வளவு தருவர்? தேய்மானம் கழிப்பார்களா? நம் பங்கு எவ்வளவு?

(ஈ) விபத்து நேர்ந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்?

(உ) பழுது பார்க்கும் இடம் எங்கே? வீட்டுக்கு வருவார்களா, நாம் எடுத்துச் செல்ல வேண்டுமா? பரமக்குடியில் இருப்பவர் மதுரைக்கு இருமுறை சென்று திரும்பும் செலவும், இழக்கும் இரண்டு நாள் கூலியும் கணக்கில் சேரவேண்டும்.

(ஊ) எவை சேராதவை? திருட்டும் காணாமற்போதலும் இவ்வகைக் காப்பில் பொதுவாகச் சேரா. கீறல், தேய்வு, மின்கலம் வலுவிழத்தல், வேண்டுமென்றே செய்த சேதம் ஆகியவையும் அவ்வாறே. உள்ளே எழுதிவைத்த பாடங்களையும் கணக்குகளையும் எந்தக் காப்பும் மீட்டுத் தராது.

(எ) எப்போது வாங்கலாம்? கணினி வாங்கும் அன்றோ, அடுத்த சில நாளிலோ மட்டும் என்று காலவரையறை இருக்கும். நாள் இருக்குமாயின் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு முடிவு செய்யலாம். விற்பவருக்கு இதில் தனித் தரகு கிடைப்பதுண்டு. ஆகவே அவர் அவசரப்படுத்துவார். நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

இணையத்தில் வாங்குவோர்க்கு மேலும் ஒரு சொல். நாம் கேளாமலே இத்தகைய காப்பைப் பட்டியலில் சேர்த்து, மொத்த விலையைக் கூட்டிவிடும் வழக்கம் இருந்தது. மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாங்குவோர் இசைவின்றிப் பொருளைச் சேர்ப்பதைத் தடை செய்துள்ளன. எனினும் பணம் செலுத்துமுன் பட்டியலை ஒருமுறை வரி வரியாகப் படித்தல் நலம்.

7. விபத்தைத் தடுப்பதே முதற் காப்பு

பணம் கேளாத காப்பு ஒன்று உண்டு, அது கவனம்.

நெசவு வீடுகளில் பஞ்சுத் தூசி மிகுதி. அது கணினியின் காற்று வழியை அடைத்து, உள்ளே வெப்பத்தை ஏற்றிக் கெடுக்கும். இது விபத்தாகக் கருதப்படாது. பராமரிப்புக் குறை என்றே தள்ளப்படும். ஆகவே தறி நடக்கும் கூடத்தில் கணினியை வைத்தலாகாது. வேறிடம் இல்லையெனில் வேலை முடிந்ததும் உறையிலிட்டு வைக்கவேண்டும். விசைத்தறிக் கூடத்தில் மோட்டார்கள் ஓடி நிற்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கக்கூடும். அதே இணைப்பில் கணினியை மாட்டுதல் தவறு.

உழவர் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையே பெரும் பகை. மின்னல் வெட்டும்போது செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். இருசக்கர வண்டியில் எடுத்துச் செல்வோர் பைக்குள் தடித்த நெகிழித்தாள் உறை ஒன்றை வைத்திருப்பது நன்று.

எல்லார்க்கும் பொதுவானவை மூன்று. கணினி இருக்கும் மேசையில் தேநீர்க் குவளை வேண்டா. எழுதுகோலை விசைப்பலகையின் மேல் மறந்துவிட்டு மூடினால் திரை உடையும், மூடுமுன் பார்க்கவேண்டும். நீர் கொட்டிவிட்டால் உடனே மின்னிணைப்பைப் பிடுங்கிக் கணினியை அணைத்துவிட வேண்டும். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மீண்டும் இயக்கினால் சிறு சேதம் பெருஞ் சேதமாகும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. பழுது பார்ப்பவரிடம் விரைந்து சேர்ப்பதே வழி. முக்கியமான பாடங்களுக்கும் கணக்குகளுக்கும் வாரந்தோறும் வேறிடத்தில் ஒரு படி எடுத்துவைத்தல் அனைத்திலும் முதன்மையானது.

8. சங்க அலுவலகத்துக் கணினி

சங்கத்தின் நிலை வேறு. ஒரே கணினியில் உறுப்பினர் கணக்கு முழுவதும் நடக்கும் சிறு சங்கம், அது நின்றால் கடன் வழங்கலும் நிற்கும் என்பதால், காப்பை ஆராயலாம். இருபது கணினிகள் உள்ள பெரிய நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 4,800 ரூபாய் கட்டினால் 96,000 ரூபாய். அப்பணத்தில் இரண்டு புதிய கணினிகளே வாங்கலாம். எண்ணிக்கை மிகும்போது தானே தாங்குதல் எளிது.

மேலும் அலுவலகங்களுக்கென மின்னணுக் கருவிக் காப்பீடு என்னும் தனிப் பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. கிடங்கிற்கும் சரக்கிற்கும் தீ, திருட்டுக் காப்பீடு புதுப்பிக்கும் வேளையில் இதனையும் விசாரித்து, இரண்டு விலைகளையும் ஒப்பிட்டு, குழுத் தீர்மானத்தில் காரணத்தோடு பதிவு செய்தல் வேண்டும். தாளின் மூலத்தைச் செலவுச் சீட்டோடு கோத்து வைக்கவேண்டும். ஆய்வுக்கு வருபவர் அதனைக் கேட்பார்.

9. முறையிடும் இடம்

உரிய இழப்பீடு மறுக்கப்பட்டால் வாளாவிருத்தல் வேண்டா. காப்பீட்டு நிறுவனமாயின், முதலில் அந்நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், சென்னையில் அவருடைய அலுவலகம் உள்ளது, கட்டணமில்லை. காப்பு தந்தவர் கணினி நிறுவனமோ கடையோ ஆயின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்லலாம். செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்கு அங்கே கட்டணமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது விற்பனைச் சீட்டும் காப்புத் தாளுமே.

முடிவுரை

அவ்வுறுப்பினருக்கு நாம் கூறியது இதுவே: "உங்கள் மகள் நாள்தோறும் பேருந்தில் செல்லுகிறாள். கையிருப்பு இல்லை; நகையும் ஈட்டில் உள்ளது. ஆகவே முதலாண்டுக்கு 1,900 ரூபாய் கட்டுங்கள். மூன்றாண்டுக்கு வேண்டா. தீபாவளிச் சேலை வேலை தொடங்கியதும் மாதம் 500 ரூபாய் தொடர் வைப்புக் கட்டுங்கள். வைப்பு வளர வளர நீங்களே உங்கள் காப்பாளர்."

அவர் அவ்வாறே செய்தார். இவ்வாண்டு மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றபோது வந்து பார்த்தார். கணினிக்கு ஒன்றும் நேரவில்லை. காப்புக் காலம் முடிந்துவிட்டது. "ஐயா, 1,900 ரூபாய் வீணாயிற்றே" என்றார்.

வீணாகவில்லை என்றோம். கிடங்கு எரியாததால் தீக்காப்பீடு வீண் என்று எந்தச் சங்கமும் சொல்வதில்லை. கையில் ஒன்றுமில்லாத ஓராண்டில், ஒரு கைதவறால் மகளின் படிப்பு தடைப்படாது என்ற உறுதியை அவர் விலைக்கு வாங்கினார். அவ்வுறுதியை ஆண்டு முழுவதும் அனுபவித்தார். இனி அவ்விலையைத் தரவேண்டியதில்லை. ஏனெனில் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய வைப்புப் புத்தகத்தில் பத்துத் தவணைகள் ஏறி, 5,000 ரூபாய் நின்றது. பெரும்பழுது வந்தால் அது போதாது. குறையை நிரப்பச் சிறு கடன் வேண்டியிருக்கும். ஆனால் வளையல் மீண்டும் ஈட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை.

தாங்க முடியாததற்குக் காப்பு வாங்குக. தாங்கக்கூடியதற்குச் சேமித்து வைக்குக. தாங்கும் ஆற்றலை ஆண்டுதோறும் வளர்த்துக்கொள்க. இப்பாடத்தின் சாரம் இவ்வளவே.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நீட்டித்த உத்தரவாதத்திற்கும் விபத்துச் சேதப் பாதுகாப்பிற்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் வீட்டில் உள்ள தாள் எவ்வகையைச் சேர்ந்தது?

2. ஒரு மடிக்கணினியின் மூன்றாண்டுக் காப்புக் கட்டணம் 3,600 ரூபாய். சராசரிப் பழுதுச் செலவு 9,000 ரூபாய். பத்துக் கணினிகளில் எத்தனை உடைந்தால் சரிக்குச் சரியாகும்?

3. பயிர்க் காப்பீட்டிற்குச் சொல்லும் காரணங்கள் கணினிக் காப்பிற்கு எவ்வளவு பொருந்தும், எவ்வளவு பொருந்தா?

4. உங்கள் சங்கத்துக் கணினியின் காப்புத் தாளை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவந்து, அதில் சேராதவை எவை என்று உரக்கப் படித்துக் காட்டுக.